நோய்த்தடுப்பும் குடிமக்கள் உரிமையும்

கொள்ளைநோய் பரவுங்கால் ஆட்சிக்கு மிகுந்த அதிகாரம் வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். அவ்வதிகாரத்திற்கு வரம்பு வேண்டாவா என்பதே வினா.

கொரோனா எனும் மகுடைத் தொற்று தமிழ்நாட்டில் பறித்த முதல் உயிர், 25.3.2020 அன்று மதுரை இராசாசி மருத்துவமனையில் பிரிந்தது. வீட்டிலிருங்கள் என்ற ஆணையை மதுரை ஏற்றது. கள்ளழகர் வையையில் இறங்காத சித்திரையையும் பொறுத்துக்கொண்டது. சூன் 24 முதல் மாநகரும் பரவையும் சுற்றியுள்ள ஒன்றியங்களும் முழுமையாக அடைக்கப்பட்டபோதும் மக்கள் அடங்கியிருந்தனர். பிறர் உயிர் காக்கத் தம் உரிமையைத் தாமே சுருக்கிக்கொள்வது அச்சமன்று; ஒப்புரவு.

மக்கள் நம்பி ஒப்படைத்த அதிகாரம் என்ன செய்தது? ஊரடங்கு நேரங்கடந்து கடை திறந்திருந்ததாகக் குற்றஞ்சாட்டி, 19.6.2020 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் காவல்நிலையத்தில் பிடித்துவைத்தனர். நான்கு நாள்களுக்குள் இருவரும் காவலிலேயே மாண்டனர். உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்தது. பின்னர், நடுவண் புலனாய்வுத்துறை ஒன்பது காவலர்மேல் கொலைக்குற்றம் சாட்டியது. உயிர்காக்க வந்த ஆணை இருவரின் சாவுக்கு வாயிலாயிற்று!

இத்தீங்கின் வேர் பழையது. பம்பாயில் பிளேக்கு நோய் பரவியபோது, வெள்ளையன் 1897இல் ஒரு சட்டம் இயற்றினான். அதில் நான்கே பிரிவுகள். ஆள்வோர்க்கு வரம்பிலா அதிகாரம், மீறுவோர்க்குத் தண்டனை, நல்லெண்ணத்துடன் செய்ததாயின் அலுவலர்மேல் வழக்கில்லை. குடிமக்கள் முறையிட ஒரு வரியும் இல்லை. 2020இல் தில்லி அச்சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்குக் கடுந்தண்டனை சேர்த்தது. அது நன்றே. ஆயினும் குடிமக்களுக்கான வரி அப்போதும் எழுதப்படவில்லை.

பொதுநலவாழ்வு மாநிலப் பட்டியலில் உள்ளது. அங்ஙனமிருந்தும், 24.3.2020 இரவு எட்டு மணிக்கு அறிவித்து நான்கு மணி நேரத்தில் நாடு முழுவதையும் பூட்டியது தில்லியே. நம் கையிலுள்ள பொதுநலவாழ்வுச் சட்டமும் 1939இல் வெள்ளையன் ஆட்சியில் பிறந்ததே.

எனவே, தமிழ்நாடு தனக்கென ஒரு புதுச்சட்டம் இயற்றுதல் வேண்டும். ஒவ்வோர் ஆணையும் தமிழில், காரணத்துடனும் முடிவுநாளுடனும் வெளிவருக. கடைநேரம் தவறியவரைத் தளையிடும் அதிகாரம் காவலர்க்கு இல்லையென எழுதுக. அடைப்பால் கூலியிழந்தார்க்கு இழப்பீடு தருக. அடைபட்டார் உடனே முறையிட ஒரு மன்றம் அமைக்க.

அடுத்த கொள்ளைநோய் சொல்லிவிட்டு வாராது. சட்டம் அதற்கு முன்னரே வேண்டும். தமிழர் இதனை இன்றே கேட்பாராக!