நிலக் கோப்பு யார் மேசையில்?

தொழிலாளத் தோழர்களே! கிராணிமாரே!

தேர்தல் முடிந்துவிட்டால் லிங்கி வட்டாரத் தோட்டங்களில் ஒரே பேச்சுத்தான். "ஆட்சிக்குழுவில் நம்மவருக்கு இடம் உண்டா?" பெரட்டிலும் இதே கேள்வி, பால் நிறுக்கும் இடத்திலும் இதே கேள்வி. இடம் கிடைத்தால் மாலை, வெடி. கிடைக்காவிட்டால் முணுமுணுப்பு. பிறகு அடுத்த தேர்தல் வரை உறக்கம். நாம் கேட்கிறோம்: நாற்காலியை எண்ணினோமே, அதன் முன்னுள்ள மேசையில் எந்தக் கோப்பு இருக்கிறது என்று பார்த்தோமா?

ஆட்சிக்குழு எப்படி அமைகிறது? நெகிரி செம்பிலான் சட்டமன்றத்தில் 36 இடங்கள். லிங்கி அவற்றில் ஒன்று. ஆள்வதற்கு 19 வேண்டும். பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெற்றவர் எனத் தாம் கருதும் உறுப்பினரை யாங் டிபெர்துவான் பெசார் மந்திரி புசாராக நியமிக்கிறார். அந்த மந்திரி புசாரின் ஆலோசனைப்படி, சட்டமன்ற உறுப்பினர்களிலிருந்தே மற்றவர்கள் நியமிக்கப்படுகிறார்கள். குழு முழுவதும் சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு. ஒருவர் செய்ததற்கு மற்றவர் கைகழுவ முடியாது.

2023 ஆகஸ்டு 12-இல் நடந்த தேர்தலைப் பாருங்கள். பக்காத்தான் ஹராப்பானுக்கு 17, பாரிசான் நேசனலுக்கு 14, பெரிக்காத்தான் நேசனலுக்கு 5. தனித்து எவருக்கும் 19 இல்லை. 2018-இல் எதிரும் புதிருமாக நின்ற முதல் இரண்டு அணிகளும் கைகோத்து 31 ஆயின. அமினுடின் ஹருண் மீண்டும் மந்திரி புசார் ஆனார். கூட்டு என்றால் பங்கு: கட்சிக்கு இத்தனை, இனத்துக்கு இத்தனை. அதில் நமக்கும் பங்கு வேண்டியதே. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பங்கு கிடைத்ததோடு நம் வேலை முடிந்தது என்பதைத்தான் மறுக்கிறோம்.

ஏன்? அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையைப் பாருங்கள். தொழிலாளர் விவகாரமும் தொழிற்சங்கமும் மத்திய அரசின் பட்டியலில் இருக்கின்றன. நிலம் மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறது. நம் உழைப்பு ஒரு தலைநகரில், நாம் குடியிருக்கும் மண் இன்னொரு தலைநகரில்! தோட்டம் விலை போனால் மத்திய அரசின் 1980-ஆம் ஆண்டு விதிமுறை வந்து நிற்கும். ஐந்தாண்டுக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்று கணக்குப் போடும். வீடு? அதைப் பற்றி அந்த விதிமுறையில் ஒரு வரி இல்லை. வேலை போன அன்றே லயமும் போகிறது.

விவசாய நிலத்தை வீட்டுமனையாகவோ தொழிற்பேட்டையாகவோ மாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆவது பிரிவுப்படி மாநில அதிகாரம் சம்மதிக்க வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற, 214ஏ பிரிவுப்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். அனுமதி தரும்போது நிபந்தனை விதிக்கவும் மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. ஆக, நம் லயத்தின் தலையெழுத்து கோலாலம்பூரில் அல்ல, சிரம்பானில் எழுதப்படுகிறது. அந்த நிலக் கோப்பையோ மாநிலங்களில் வழக்கமாக மந்திரி புசாரே தம் கையில் வைத்துக்கொள்வார்!

இது பழைய பாடம். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. 1960-இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்த வேதனையிலிருந்துதான். இன்று வெட்டு நிரைகள் பல செம்பனையாகிவிட்டன. சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் 153,000 ஹெக்டேருக்கு மேல் "மலேசியா விஷன் வேலி 2.0" என்று திட்டம் தீட்டியிருக்கிறார்கள். லிங்கி இருப்பது போர்ட்டிக்சன் மாவட்டத்தில். இன்னும் உறங்கலாமா?

"வளர்ச்சி வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். காட்டை அழித்து மரம் நட்டவன் வளர்ச்சிக்கு எதிரியா? அவன் வளர்த்த மண்ணில் அவனுக்கு ஒரு கூரை கேட்பது தடையா?

"நம் ஓட்டு எத்தனை, நம்மால் என்ன ஆகும்?" என்பாரும் உண்டு. 2009 பிப்ரவரியில் பேராக்கில் என்ன நடந்தது? 31-க்கு 28 என்றிருந்த ஆட்சி, மூன்றே உறுப்பினர் விலகியதால் கவிழ்ந்தது. நூலிழையில் நிற்கும் ஆட்சிக்கு ஒவ்வொரு தொகுதியும் உயிர். ஒவ்வொரு தொகுதியும் நம் ஓட்டால் அசையும்.

ஆகவே ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், எக்கட்சியானாலும், மூன்றைக் கேளுங்கள். தோட்ட நிலம் கைமாறும் விண்ணப்பம் வந்தால், முடிவுக்கு முன் தொழிற்சங்கத்தைக் கேட்பீர்களா? நில மாற்றத்துக்கு ஒப்புதல் தரும்போது, தோட்டத்தில் குடியிருப்போருக்குச் சொந்தப் பட்டாவுடன் வீடு என்பதை நிபந்தனையாக எழுதுவீர்களா? வீடு கட்டி முடியும்வரை லயத்தை இடிக்க விடமாட்டீர்களா?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிராணிமாரே, எழுதிக் கொடுப்பது உங்கள் கடமை. வெட்டுக்காரத் தோழர்களே, கையெழுத்திடுவது உங்கள் உரிமை. நாற்காலிக்கு மாலை போட்டது போதும். இனி நிலக் கோப்பைக் கேட்போம்!