'ஒண்ணும் பண்றதுக்கில்லை!'

வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் பங்குனி மாதம் பாடைக் காவடி பார்த்திருக்கிறீர்களா? கடும் வியாதியில் கிடந்து பிழைத்தவர்கள், நேர்த்திக்கடனாகப் பிணம் மாதிரி பாடையில் படுத்துக்கொள்வார்கள். நாலு பேர் தூக்கி, மேளதாளத்தோடு கோயிலைச் சுற்றி வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். எமனுக்கே டிமிக்கி!

சரி, பிழைத்தவர்களுக்கு அம்மன் இருக்கிறாள். பிழைக்கமாட்டார் என்று ஆனவர்களுக்கு?

எனக்குப் பெரியப்பா முறை ஒருவர். வாயில் புற்றுநோய். டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில், "இனி ஒண்ணும் பண்றதுக்கில்லை, வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயிடுங்க" என்று டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுத்தார்கள். அதில் வலிக்கு ஒரு மாத்திரைகூட எழுதவில்லை. ராத்திரி அவர் முனகுவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பெரியம்மாவுக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாது. சென்னையிலிருந்து மகன் மாசாமாசம் பணம் அனுப்பினான். பணம் ராத்திரி பக்கத்தில் உட்காராது, ஸார்.

நான் படித்தது பி.காம். கம்பெனி திவாலானால்கூடக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட முடியாது. லிக்விடேட்டர் என்று ஒருத்தர் கடைசிவரை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணுவார். திவாலான கம்பெனிக்கு உள்ள மரியாதை மனுஷனுக்கு வேண்டாமா?

அதற்கும் ஒரு வைத்தியம் உண்டு. பாலியேட்டிவ் கேர், தமிழில் நோய்த் தணிப்புச் சிகிச்சை. வியாதி போகாவிட்டாலும் வலி, மூச்சுத்திணறல், படுக்கைப்புண், பயம் எல்லாவற்றையும் குறைக்கலாம். கடைசி வாரத்துக்கு மட்டுமல்ல, மற்ற சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே கொடுக்கலாம். 1993-ல் டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் கோழிக்கோட்டில் தொடங்கியது கேரளம் முழுக்கப் பரவி, 2008-ல் அரசாங்கக் கொள்கையே ஆகிவிட்டது. அங்கே நர்ஸ் வீடு தேடி வருகிறார். ஊர்க்காரர்களே தொண்டர்கள்.

நம் பக்கம்? 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருவது ஊரறிந்த விஷயம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நோய்த் தணிப்பு நர்ஸும் பிஸியோதெரபிஸ்டும் வருவது அதே திட்டத்தில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

"மார்ஃபினா? அடிமையாயிடுவாரே!" என்பார்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்தால் அந்த ஆபத்து மிகக் குறைவு. சட்டப்படி அபின் விளைகிற நாடு நம்முடையது. ஆனால் 1985-ம் வருஷத்துப் போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடியில் மார்ஃபின் நம் நோயாளிக்கே எட்டாமல் போனது. 2014-ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். பயம்தான் இன்னும் தளரவில்லை.

அதனால், லீவில் ஊருக்குப் போகிற ஆபீஸ் நண்பர்களே, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய், "வீட்டுக்கு நர்ஸ் எந்தக் கிழமை வருவாங்க?" என்று கேளுங்கள். டாக்டரிடம், "எத்தனை நாள் தாங்கும்?" என்பதற்கு முன்னால், "வலிக்கு என்ன கொடுக்கப்போறீங்க?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நகராதீர்கள்.

பாடை தூக்க நாலு பேர் எப்படியும் வந்துவிடுவார்கள். அதற்கு முன்னால், படுக்கையில் புரட்டிப் படுக்க வைக்க ரெண்டு பேர் வேண்டும், ஸார்.