வண்டியில் யார் வருகிறார்?

தனியார் ஆம்புலன்ஸை அழைக்கும்போது, “எவ்வளவு நேரத்தில் வரும்? வாடகை எவ்வளவு?” என்று கேட்கிறோம். “நோயாளியுடன் இருக்கப் பயிற்சி பெற்றவர் வருவாரா?” என்று கேட்பதுண்டா? சில வண்டிகளில் டிரைவர் மட்டும்தான் வருவார். வழியில் மூச்சுத் திணறினால், பின்னால் இருக்கும் நாம் என்ன செய்வோம்?

108 வண்டியில் டிரைவருடன் மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருவார். தமிழகத்தில் அந்த வேலைக்கு நர்சிங், லேப் டெக்னீஷியன் படிப்பு அல்லது உயிரியல் சார்ந்த பட்டம் கேட்கிறார்கள். தேர்வானவர்களுக்கு வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என்று சுமார் 50 நாள் பயிற்சி. ரத்தப்போக்கை நிறுத்துவது, நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிப்பது, வண்டியிலேயே பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை.

இந்தத் தொழிலுக்கு இதுவும் போதாது என்கிறது 2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். துணை மருத்துவப் பணியாளருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது. அந்தப் பட்டியலில் அவசர மருத்துவப் பணியாளரும் உண்டு.

சட்டம் எல்லா வண்டிகளையும் எட்டும்வரை, அந்த ஒரு கேள்வியைப் போனிலேயே கேட்டுவிடுங்கள். 108 உதவியாளர் முதலுதவி செய்யும்போது, “முதலில் வண்டியை எடுங்க” என்று அவசரப்படுத்தாதீர்கள். சிகிச்சை அங்கேயே தொடங்கிவிட்டது.