துப்பாக்கி யார் கையில்? பெர்மிட் யார் பெயரில்?

பேராக்கில் பால்மரம் நின்ற இடத்திலெல்லாம் இன்று செம்பனை நிற்கிறது. மரம் மாறியது, தொல்லையும் மாறியது. காட்டுப்பன்றி இளங்கன்றைக் கிளறிக் குருத்தைத் தின்கிறது. முள்ளம்பன்றியும் அணிலும் எலியும் தங்கள் பங்குக்கு வருகின்றன. உடனே, "சின்னதா ஒரு துப்பாக்கி இருந்தா தீர்ந்துச்சு" என்ற பேச்சு காப்பிக்கடையில் கிளம்பிவிடுகிறது. தோழர்களே, இதை நாம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

முதலில் சட்டம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்சோ பெர்மிட்டோ இல்லாமல் எவரும் துப்பாக்கி வைத்திருக்கவும் கூடாது, தூக்கிச் செல்லவும் கூடாது, சுடவும் கூடாது. .22 ரகச் சின்ன ரைஃபிளுக்கும் இதே சட்டம்தான். குருவி சுடுகிற காற்றுத் துப்பாக்கி விளையாட்டுச் சாமான் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். சட்டம் அதையும் ஆயுதம் என்றே சொல்கிறது. 1971இல் வந்த இன்னொரு சட்டம், அனுமதியில்லாத துப்பாக்கிக்கு 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. பட்டறையில் குழாயை வைத்துச் செய்த நாட்டுத் துப்பாக்கிக்கும் தப்பில்லை.

இவ்வளவு கடுமை எங்கிருந்து வந்தது? நம் பேராக் மண்ணிலிருந்துதான். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று விதி வந்தது.

அந்த விதிக்குப் பலியானவர் எஸ்.ஏ. கணபதி. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த தமிழர். ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வைத்திருந்தார் என்று வழக்கு. இந்திய அரசாங்கம் உயிர்ப்பிச்சை கேட்டும் பலனில்லை. 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவருடைய அரசியலை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் ஒன்றை யாரும் மறுக்க முடியாது: துரை கையில் பாதுகாப்பாக இருந்த பொருள், தொழிலாளி கையில் தூக்குக்கயிறாக மாறியது.

1960இல் அவசரகாலம் முடிந்தது. அதற்குப் பிறகும் பாதுகாப்புப் பகுதிகளில் துப்பாக்கிக்குத் தூக்கு என்ற விதியை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வைத்திருந்தது. அந்தச் சட்டம் 2012இல்தான் ரத்தானது. தூக்கு போனது; சிறையும் பிரம்பும் போகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். தோட்ட நிர்வாகமோ காண்ட்ராக்டரோ பயிர்க்காவலுக்கு லைசென்சோடு துப்பாக்கி வைத்திருக்கலாம். "தம்பி, இன்னைக்கு ராத்திரி நீ எடுத்துட்டுப் போ, பன்னி வந்தா சுடு" என்று சொல்லலாம். லைசென்ஸ் அவர் பெயரில். ஆயுதம் உன் கையில். ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் மாட்டுவது யார்? இருட்டில் அசைவதைப் பன்றி என்று எண்ணிக் கூட்டாளி மேலே குண்டு பாய்ந்தால் கூண்டில் நிற்பது யார்? துப்பாக்கிக்காரரின் சார்பில் அதைத் தூக்கிச் சென்று சுடுபவருக்கென்றே சட்டத்தில் தனிப் பெர்மிட் உண்டு. "என் பேர்ல பெர்மிட் எங்கே, காட்டுங்க சார்" என்று கேளுங்கள். இது மரியாதைக் குறைவு அல்ல, உரிமை. வாய்ச்சொல்லை நம்பித் தொட வேண்டாம். வற்புறுத்தினால் அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

இறைச்சிக்காகப் பன்றி வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. துப்பாக்கிக்கு அனுமதி இருந்தால் மட்டும் போதாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்கும் லைசென்ஸ் வேண்டும்.

எலிக்குத் துப்பாக்கியே வேண்டாம். நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகை ஆந்தையைக் குடிவைத்திருக்கிறார்கள். இரவெல்லாம் எலி பிடிக்கிற காவல்காரன் அது. அதற்குத் தோட்டாச் செலவும் இல்லை, கோர்ட் செலவும் இல்லை. பன்றிக்கு வலுவான வேலி வேண்டும். அதைப் போட வேண்டியது நிர்வாகம்.

செம்பனைக் குலையின் லாபம் யாருக்குப் போகிறதோ, அதைக் காக்கிற பொறுப்பும் அவருக்கே. நாலு குருத்தைக் காப்பாற்றப் போய் நம் வீட்டுப் பிள்ளை 14 ஆண்டு உள்ளே கிடக்கக் கூடாது. வீட்டில் இதைப் பேசுங்கள், தோழர்களே. பிள்ளைகளுக்கு முதலில் சொல்லுங்கள்.