பென் டிரைவ் மெதுவென்றால் லினக்ஸுக்குத் தண்டனையா?

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. நமது பாடசாலைகளில் உள்ள பழைய கணினிகள் பலவற்றுக்கு விண்டோஸ் 11 ஒத்துவராது. அவற்றைக் களஞ்சிய அறையில் குவித்துவிடாமல் பிள்ளைகளின் கையில் வைத்திருக்க லினக்ஸ் நல்லதொரு வழி. செலவும் இல்லை, திருட்டுப் பிரதி என்ற உறுத்தலும் இல்லை.

ஆனால் அதை நிறுவிய மறுவாரமே முறைப்பாடு வந்துவிடுகிறது. "பென் டிரைவுக்கு ஒரு வீடியோ கொப்பி பண்ண ஒரு பாடவேளையே போகுது சேர், பழையபடி விண்டோஸையே போடுங்க."

ஆசிரிய நண்பர்களே, தீர்ப்புச் சொல்வதற்கு முன் விசாரணை வேண்டாமா?

யூ.எஸ்.பி. 3.0ஐ முதன்முதலில் ஆதரித்த இயங்குதளமே லினக்ஸ்தான். அது நடந்தது 2009இல். விண்டோஸ் அதைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்டது 2012இல் வந்த விண்டோஸ் 8இல்தான். ஆகவே "லினக்ஸுக்கு யூ.எஸ்.பி. சரிவராது" என்ற பேச்சில் நியாயமில்லை.

காரணத்தை லினக்ஸிடமே கேட்கலாம். டேர்மினலைத் திறந்து எல்.எஸ்.யூ.எஸ்.பி. என்ற ஐந்து எழுத்துகளையும் புள்ளியின்றிச் சிறிய எழுத்தில் அடியுங்கள். ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் ரீ எழுத்தும் சேருங்கள். ஒவ்வொரு சாதனமும் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்பது வரியின் கடைசியில் தெரியும். 12 என்றால் மிகப் பழைய வேகம், 4 ஜி.பி. வீடியோவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். 480 என்றால் யூ.எஸ்.பி. 2.0, நல்ல டிரைவாக இருந்தால் இரண்டு மூன்று நிமிடம். 5000 என்றால் யூ.எஸ்.பி. 3.0.

3.0 டிரைவைச் செருகியும் 480 என்று காட்டினால் போர்ட்டைப் பாருங்கள். உள்ளே நீல நிறம் இருந்தால் அது பெரும்பாலும் 3.0. பழைய ஹப், மலிவான நீட்டிப்புக் கேபிள், சரியாக உட்காராத செருகி, இவற்றில் எதுவும் வேகத்தைக் கீழே இழுக்கும். வேறு போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

எண் சரியாக இருந்தும் மெதுவா? அப்படியானால் டிரைவையே சந்தேகியுங்கள். மலிவான டிரைவ்கள் வாசிப்பதில் வேகம், எழுதுவதில் ஆமை. ஆயிரம் சிறிய கோப்புகளைத் தனித்தனியே அனுப்பினாலும் இழுபடும். ஒரே சிப் கோப்பாக்கி அனுப்புங்கள்.

இன்னொன்று. கொப்பி 100 வீதத்துக்கு ஓடிப்போய் அங்கேயே நின்றுவிடுகிறதா? லினக்ஸ் கோப்பை முதலில் ரெம் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, பிறகுதான் டிரைவில் எழுதுகிறது. அந்த நேரத்தில் டிரைவைப் பிடுங்கினால் வினாத்தாள் பாதியோடு போய்விடும். 'பாதுகாப்பாக அகற்று' என்பதை அழுத்திக் காத்திருப்பதே ஒழுங்கு.

லினக்ஸில் குறையே இல்லை என்று நாம் வாதாடவில்லை. சில வெளி ஹார்ட் டிஸ்க்குகளோடு அது முரண்டுபிடிப்பதுண்டு. விண்டோஸின் என்.ரி.எஃப்.எஸ். டிஸ்க்குகளுக்கு 2021இல் வந்த 5.15 கேர்னலில்தான் முழுமையான உள் டிரைவர் சேர்ந்தது. அதற்கு முந்திய பதிப்பை வைத்திருப்போர் புதுப்பித்துக்கொள்வது நல்லது. ஆனால் இவையும் தேடினால் தெரிகின்ற, திருத்தக்கூடிய குறைகள்தான்.

நாம் கவலைப்படுவது பென் டிரைவைப் பற்றி மட்டுமல்ல. ஒரு கோளாறு வந்தவுடன் முழுவதையும் தூக்கி எறிவதைப் பிள்ளைகள் நம்மிடமிருந்தே பழகுகிறார்கள். ஐ.சி.ரி. பாடத்தில் நாம் கற்பிக்க வேண்டியது அதற்கு நேர்மாறானது: ஒன்றை மாற்று, அளந்து பார், பிறகு பேசு. ஒரு கேபிளின் குற்றத்துக்காக முழுக் கணினி அறையும் பூட்டப்பட்டால், வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்குத்தான் நட்டம்.

அடுத்த முறைப்பாடு வரும்போது அந்த மாணவனையே டேர்மினலுக்கு முன் உட்கார வைத்துக் கேளுங்கள்: 12ஆ, 480ஆ, 5000ஆ?