மலைக் காட்டில் ஆடு வளர்ப்போருக்கும் பங்கு வேண்டும்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் பின்புறம் தொடங்கி ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் கல் பாவிய பாதையில் இன்று நிழலில் நடக்க முடிகிறது. பகவான் ரமணர் 1916 முதல் 1922 வரை வாழ்ந்த இடம் ஸ்கந்தாசிரமம். பிற்காலத்தில் இம்மலையின் பெரும்பகுதி வெறும் புல்லும் பாறையுமாக மாறியிருந்தது. 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வ அமைப்புகளும் வனத்துறையும் கன்று நட்டு, காவல் இருந்து, கோடைத் தீயை அணைத்து வளர்த்த காடுதான் இப்பாதைக்கு நிழல் தருகிறது.

இந்தக் காடு பக்தர்களுக்கும் சுற்றுலா வருவோருக்கும் உரியது என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் மலையைச் சுற்றியுள்ள கிணற்றுப் பாசன விவசாயிகளே இதனால் முதலில் பயன்பெற வேண்டியவர்கள்.

ஒரு ஏக்கர் நிலத்தில் 25 மில்லி மீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர். மொட்டைச் சரிவில் அது மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடும். அந்த மண் ஏரியில் வண்டலாகப் படியும். சருகும் வேரும் உள்ள சரிவில் ஓட்டம் தணிந்து, ஒரு பகுதி நீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறை வெடிப்புகளின் வழியே கசியும். மரமும் தண்ணீர் குடிக்கும் என்பது உண்மையே. ஆயினும் மண்ணே இல்லாத மலையில் நீர் தங்க இடமேது?

மரம் இருந்தால் எந்த மழையையும் தாங்கலாம் என்று நினைப்பதும் தவறு. ஃபெஞ்சல் புயல் மழையின்போது, 2024 டிசம்பர் 1-ம் தேதி, மலையடிவாரத்திலுள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். சரிவில் இருக்கும் வேர்ப்பிடிப்பையாவது இழக்காமல் காப்பது எல்லோருடைய கடமை.

தீயால் வரும் நட்டம்

இம்மலையின் பெரிய எதிரி கோடைத் தீ. ஆளுயரம் வளரும் காட்டுப் புல் தை மாதத்துக்குப் பின் காய்ந்துவிடுகிறது. பீடி நெருப்பு, கற்பூரம் ஆகியவற்றால் மட்டுமின்றி, இளந்தளிர் துளிர்க்கட்டும் என்று வைக்கும் நெருப்பாலும் மலைக்காடுகள் எரிவதுண்டு. தளிர் கிடைப்பது சில வாரங்களுக்கே. ஆனால் பல ஆண்டு வளர்ந்த கன்றுகள் ஒரே நாளில் கருகும். அடுத்த மழையில் சாம்பலோடு மண்ணும் போய்விடும்.

ஆயினும் ஆடு வளர்ப்போரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 கிலோ பசுந்தீவனம் வேண்டும். பத்து ஆடு வைத்திருக்கும் நிலமற்ற குடும்பம் 40 முதல் 50 கிலோவுக்கு எங்கே போகும்? மேய்ச்சலை நிறுத்திவிட்டு மாற்று வழி காட்டாவிட்டால் காடு அவர்களுக்குப் பகையாகவே தோன்றும்.

பங்கு கொடுத்தால் காவல் கிடைக்கும்

தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் 1997-ல் தொடங்கியபோது கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. காட்டைக் காக்கும் ஊருக்குக் காட்டின் பயனிலும் பங்கு உண்டு என்பதே அதன் அடிப்படை. அந்த முறை இங்கும் உயிர்பெற வேண்டும். கார்த்திகை, மார்கழியில் புல் பசுமையாக இருக்கும்போதே, வனத்துறையின் அனுமதியோடு, குறித்த இடங்களில் அறுத்துக் கட்டாகச் சுமந்து செல்ல அடிவாரக் குடும்பங்களை அனுமதிக்கலாம். தீவனமும் கிடைக்கும், தீக்கு இரையும் குறையும். தீத்தடுப்புக் கோடு வெட்டும் கூலி வேலையையும் அவர்களுக்கே முதலில் தர வேண்டும்.

விவசாயிகளும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். வரப்பிலும் வேலியோரத்திலும் அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியா நடலாம். கொஞ்சம் பாசனம் இருந்தால் வேலிமசால் விதைக்கலாம். ஆடு கொட்டிலில் தின்றால் எருவும் வீட்டிலேயே சேரும். சூபாபுல் தழையை மட்டும் தனியாகத் தராமல், புல்லோ சோளத்தட்டையோ கலந்து தருவது நல்லது.

நிழலில் நடந்து செல்பவர் ஊர் திரும்பிவிடுவார். கிணற்றை நம்பி மணிலா போடுகிறவர் இங்கேயேதான் இருக்கப்போகிறார். புல் அறுக்கும் உரிமையையும் தீத்தடுப்பு வேலையையும் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அடிவாரக் கிராமத்தார் கேட்டுப் பெறுவதே இம்மலையைக் காக்கும் வழி.