சங்குக்கும் ஊர் உண்டு!

திண்டுக்கல்லில் இருந்து பழனி போகும் சாலையில் இருக்கிறது ரெட்டியார்சத்திரம். காய்கறித் தோட்டங்கள் நிறைந்த பகுதி. கடலுக்கும் இந்த ஊருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் இங்கேயும் பூஜை அறைகளில் ராமேஸ்வரத்திலோ பழனி அடிவாரக் கடையிலோ வாங்கிய சங்கு ஒன்று உட்கார்ந்திருக்கும். பச்சைக் குழந்தைக்கு மருந்து புகட்டுவது முதல் சாவு வீட்டில் ஊதுவது வரை சங்குக்கு ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கிறது.

இரண்டு வீட்டுச் சங்குகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று உச்சி மழுங்கிக் குண்டாக இருக்கும். இன்னொன்று உச்சி கூர்ந்து நீண்டிருக்கும். வேறு வேறு ஜாதி என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே கடல் நத்தையின் ஓடாகவே இருக்கலாம். பிறந்த இடம்தான் வேறு.

சங்கு குளிப்பவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் இது பழைய சேதி. மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிப் பக்கம் எடுப்பது 'ஜாதி' சங்கு. ராமேஸ்வரத்துக்கு வடக்கே, பாக் நீரிணைப் பக்கம் எடுப்பது 'பட்டி' சங்கு. வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போகும் சரக்கில் ஜாதிக்குத்தான் மதிப்பு. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1914-ல் சங்குக்கென்றே ஒரு நூல் எழுதினார். சங்கின் இந்த உருவ வேறுபாடுகளை வகை பிரித்துப் பெயரிட்டவரும் அவர்தான். அந்தமான் சங்கோ இன்னும் மெலிந்து, நூல் நூற்கும் கதிர் மாதிரி இருக்கும்.

ஒரே இனத்துக்கு ஏன் இத்தனை சாயல்? விடை அதன் பிள்ளைப்பேற்றில் இருக்கிறது. பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரில் மிதந்து, நீரோட்டம் இழுக்கிற பக்கமெல்லாம் போகும். சங்கு அப்படியில்லை. ஆட்டுக்கொம்பு போல வளைந்த, அறை அறையான ஒரு முட்டைக்கூட்டை மணலில் நட்டு வைக்கும். உள்ளேயே வளர்ந்து, குட்டிச் சங்காகவே ஊர்ந்து வெளியே வரும் பிள்ளை. அது எவ்வளவு தூரம் போய்விடும்? அம்மா இருந்த மணலிலேயே வாழ்கிறது, அங்கேயே குடும்பம் நடத்துகிறது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்த குடும்பத்தில் மூக்கு ஒரே மாதிரி இருக்குமே, அந்தக் கதைதான்! போதாததற்கு மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் நடுவே ராமர் பாலத்து மணல்திட்டுகள் வேறு.

இடம் மாறினால் ஓடும் மாறுமா? சுவீடனின் மேற்குக் கரையில் உள்ள கோஸ்டர் தீவுகளில் பார்த்துவிட்டார்கள். அங்கும் குட்டிகளாகவே பிள்ளை பெறும் ஒரு சிறு கடல் நத்தை உண்டு. நண்டுகள் திரியும் கரையில் அது பெரிதாக, தடித்த ஓட்டோடு இருக்கும். அலை அறையும் பாறைகளில் சிறுத்து, ஓடு மெலிந்து, பாறையைப் பற்றிக்கொள்ள வாய் அகன்றிருக்கும். 1988-ல் நச்சுப் பாசி பெருகி, ஒரு பாறையில் இருந்த நத்தைகளெல்லாம் அழிந்துபோயின. 1992-ல் ஆய்வாளர்கள் நண்டுக் கரையில் இருந்து 700 நத்தைகளைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். சுமார் 30 ஆண்டுகளில் அவற்றின் வாரிசுகள், அழிந்துபோன பழைய நத்தைகளின் உருவத்துக்கே வந்துவிட்டன. 2024-ல் வெளியான ஆய்வு இது.

ஓட்டைப் படிக்கத் தெரிந்தால் பணமும் தப்பும். வலம்புரி என்று பெரும் தொகைக்கு விற்கப்படுவதில் அமெரிக்கக் கடல் நத்தை ஒன்றும் உண்டு. உச்சியை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் நம் சங்குக்கு வாய் வலப்பக்கம் இருக்கும். லட்சத்தில் ஒன்று இடப்பக்கம் திறக்கும் என்பார்கள். அதுதான் வலம்புரி. (நாம் மூக்கை மேலே தூக்கிப் பிடித்துப் பெயர் வைத்தோம். அதனால்தான் பெயர் தலைகீழ்!) அந்த அமெரிக்க நத்தைக்கோ இயல்பாகவே வாய் இடப்பக்கம்தான். வாய்க்குள் நடுத்தண்டைப் பாருங்கள். நம் சங்கில் மூன்று, நான்கு வரப்புகள் ஓடும். அதில் இருக்காது.

மிதக்காத பிள்ளையால் இன்னொரு கஷ்டமும் உண்டு. ஒரு படுகையைச் சுரண்டி எடுத்துவிட்டால், பக்கத்துக் கடலில் இருந்து குஞ்சுகள் மிதந்து வந்து அதை நிரப்பாது. சின்னச் சங்கு வந்தால் உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும் என்று சங்கு குளிப்பில் விதி வைத்தது இதற்காகத்தான். குளிப்பவர் கையால் பொறுக்கும்போது விட்டுவிடலாம். கடலடியை வாரிக்கொண்டு வரும் இழுவலைக்குச் சின்னது எது, பெரியது எது?